மாம்பழ டெக்கிலா காக்டெய்ல் வீட்டில் கலக்கினால் ஏன் இருமல் மருந்து மாதிரி ஆகிறது?

கேட்டவருக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு டெக்கிலா (மெக்சிகோ நாட்டுச் சாராயம்) பாட்டில் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை கடலூரிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள், இவரோடு சேர்த்து 6 பேர். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் குடித்த மாம்பழ மார்கரிட்டா, அதாவது டெக்கிலாவும் எலுமிச்சையும் சேர்ந்த காக்டெய்ல், மனதில் நிற்கிறது. டப்பா மாம்பழ ஜூஸை ஊற்றிக் கலக்கிப் பார்த்தாராம், இருமல் மருந்து மாதிரி வந்ததாம். எங்கே தப்பு, வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. புதுச்சேரியில் ஓட்டல் பார்களில் 11 வருடம் நின்று கலக்கியவன் நான். இந்தப் பானத்தை மட்டும் எத்தனை ஆயிரம் டம்ளர் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் டம்ளரில் புளிப்பு இல்லை, அதுதான் விஷயம். டப்பா ஜூஸில் சர்க்கரை ஏற்கெனவே நிறைய. அதோடு சாராயத்தின் காட்டம் சேர்ந்து, நடுவில் வெட்டிவிட எதுவும் இல்லாவிட்டால் மருந்து வாசனைதான் வரும். கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டியில் மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறார்களே, அந்த ருசியை நினைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு, உப்பு, காரம், கடைசியில் லேசாக இனிப்பு. மெக்சிகோவிலும் தெருவோரம் மாம்பழத்தை இப்படியே மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை போட்டுத்தான் விற்கிறார்கள். டெக்கிலா பிறந்த ஊரின் நாக்கும் நம்முடைய நாக்கும் ரொம்பத் தூரத்தில் இல்லை. அதனால் ஓட்டலை மறந்துவிட்டு, அந்த மாங்காய்க் கீற்றை டம்ளருக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

முதலில் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். '100% அகாவே' என்று போட்டிருக்கிறதா? இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது கலப்பு வகை. அதில் குறைந்தது 51 சதவீதம்தான் அகாவே சர்க்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும், மீதி கரும்புச் சர்க்கரை மாதிரி வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். உண்மையான டெக்கிலா என்றால் 'NOM' (நோம்) என்ற மூன்று ஆங்கில எழுத்தும் பக்கத்தில் 4 இலக்க எண்ணும் இருக்கும். எந்த ஆலையில் வடித்தது என்பதற்கான அடையாளம் அது. அகாவே என்பது நம் ரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் முள்ளோடு நிற்கிற ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரச் செடி. முகத்துக்குத் தடவும் சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டெக்கிலாவுக்கு நீல அகாவே மட்டும்தான். 6 முதல் 8 வருடம் வளரவிட்டு, மடல்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, நடுக்கிழங்கை வேகவைத்து, நசுக்கி, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். மடல் சீவிய கிழங்கு பார்ப்பதற்கு அன்னாசி மாதிரி இருப்பதால் அதற்கு ஸ்பானிஷில் 'பீன்யா', அதாவது அன்னாசி என்றே பெயர். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலமும் அந்த நாட்டின் வேறு சில பகுதிகளும் தவிர வேறெங்கும் செய்ததை டெக்கிலா என்று விற்கக் கூடாது என்று 1974 முதல் சட்டம். நம் நாட்டில் தக்காணத்துக் கற்றாழையை வடித்து விற்கும் பாட்டில்களில் 'அகாவே' என்று மட்டும் போட்டிருப்பதற்குக் காரணம் அதுதான். அதிலும் இந்தப் பானத்தைச் செய்யலாம், நன்றாகவே வரும்.

பழத்தோடு கலக்க வெள்ளை டெக்கிலாதான் சரி. 'பிளாங்கோ' அல்லது 'சில்வர்' என்று இருக்கும். பெரும்பாலும் பீப்பாயில் ஊறாதது, பச்சைத் தழை வாசனையும் மிளகு மாதிரி ஒரு காரமும் தெரியும். மாங்காய், கொய்யா, அன்னாசி எல்லாவற்றிலும் அந்தப் பச்சை வாசனையின் சாயல் உண்டு, அதனால் ஒட்டிக்கொள்ளும். மச்சான் கொடுத்தது 'அன்யேஹோ' என்றால், அது ஒரு வருடத்துக்கு மேல் ஓக் பீப்பாயில் இருந்தது. அதைப் பழத்தில் போட்டுப் பாழாக்காதீர்கள். சின்ன டம்ளரில் அப்படியே மெதுவாகக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பழத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பெரிய மார்க்கெட்டுக்குக் காலையில் போங்கள். பங்கனப்பள்ளி இரண்டு, செந்தூரமோ நீலமோ இரண்டு, ஒட்டு மாங்காய் ஒன்று. மூன்று வகையும் வேண்டும். பங்கனப்பள்ளியில் சதை அதிகம், நார் கிடையாது, ஆனால் வாசனை கொஞ்சம் அடக்கம்தான். செந்தூரமும் நீலமும் அந்த வாசனையைக் கொடுக்கும். மாங்காய் புளிப்புக்கு. பழத்தைக் காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மேலே மஞ்சளாகப் பளபளத்து, காம்பில் வாசனையே இல்லாவிட்டால் கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, தோல் சீவி, சதையை மிக்சியில் தண்ணீர் விடாமல் அரையுங்கள். மாங்காய் இரண்டு கீற்று அதோடேயே போகட்டும். அரைத்ததைச் சல்லடையில் போட்டு, குழிக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். சல்லடையின் அடியில் மஞ்சளாக, பட்டு மாதிரி வழவழவென்று இறங்கும். மேலே நாரும் திப்பியும் நிற்கும். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு வாய்க்கும் உதட்டில் நார் ஒட்டும். ஓட்டல் பானத்துக்கும் வீட்டுப் பானத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கூழ் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் ஐஸ் தாங்கும். புதுச்சேரிப் புழுக்கத்தில் சூடான கூழை ஐஸில் கொட்டினால் டம்ளர் முழுக்கத் தண்ணீர்தான்.

எலுமிச்சைக்கு வெளிநாட்டுப் பச்சை 'லைம்' தேடி அலைய வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் தினசரி பிழிகிற சின்ன எலுமிச்சையும் நம் மார்க்கெட்டு எலுமிச்சையும் ஒரே இனம்தான். ஆசியாவிலிருந்து போய், ஸ்பெயின்காரர்கள் கையால் அமெரிக்கக் கரை ஏறியது அது. மாம்பழமும் அப்படித்தான் மணிலாவிலிருந்து கப்பல் ஏறி அகபுல்கோ துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு மிளகாயும் கொய்யாவும் அன்னாசியும் முந்திரியும் வந்தன. இந்த ஒரு டம்ளரில் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்கின்றன, எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

எலுமிச்சையைக் கலக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிழிய வேண்டும். தோலோடு சேர்த்து நசுக்கிப் பிழிந்தால் கசப்பு இறங்கும், அளவாக அழுத்துங்கள். ஒரு நடுத்தரப் பழத்தில் 15 முதல் 20 மி.லி. வரும்.

மார்கரிட்டாவில் டெக்கிலா, எலுமிச்சையோடு மூன்றாவதாக ஒரு ஆரஞ்சு மது சேரும். 'ட்ரிபிள் செக்' அல்லது பிரான்ஸ்காரர்களின் 'குவாந்த்ரோ'. ஒரு தடவை செய்வதற்காக அந்த விலை கொடுத்து வாங்காதீர்கள். அது கொடுக்கும் வாசனை தோலில் இருக்கிற எண்ணெயிலிருந்து வருவது, அந்தத் தோல் நம் கையிலேயே இருக்கிறது. 3 ஆரஞ்சு எடுத்து வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மேலே மெழுகு இருக்கும். உருளைக்கிழங்கு சீவும் கருவியால் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு வரக் கூடாது, அது கசப்பு. 150 கிராம் சர்க்கரையோடு சேர்த்து விரலால் நன்றாகப் பிசைந்து மூடி வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் திறந்தால் சர்க்கரை ஈரமாகி, மஞ்சளாகப் பாகுபோல் கசிந்திருக்கும், சமையலறை முழுக்க வாசனை. அதில் 150 மி.லி. கொதிநீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டினால் உங்கள் பாகு தயார். ஆரஞ்சு சரியாகக் கிடைக்காத மாதத்தில் சாத்துக்குடித் தோலில் செய்யுங்கள்.

தோல் மட்டும்தான், சாத்துக்குடிச் சாறு வேண்டாம். பாருக்கு வந்த முதல் வருடம் ஒரு பெரிய விருந்துக்காகக் காலை 10 மணிக்கே 8 லிட்டர் சாத்துக்குடி பிழிந்து குளிரில் வைத்திருந்தேன். ராத்திரி 8 மணிக்கு எடுத்தால் அத்தனையும் கசப்பு. பிழிந்த கொஞ்ச நேரத்திலேயே கசக்க ஆரம்பிக்கிற பழம் அது. 8 லிட்டரையும் தொட்டியில் கொட்டிய அந்தச் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு எந்தப் புளிப்புப் பழத்தையும் நான் முன்கூட்டிப் பிழிந்ததே இல்லை.

ஒரு டம்ளருக்கு அளவு: டெக்கிலா 45 மி.லி., மாம்பழக் கூழ் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., ஆரஞ்சுத் தோல் பாகு 15 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை. அளக்கக் கருவி இல்லாவிட்டால் மருந்து பாட்டில் மூடியாக வரும் பிளாஸ்டிக் குவளை போதும், 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். கண் அளவில் ஊற்றாதீர்கள். 5 மி.லி. எலுமிச்சை கூடினாலும் குறைந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும். பாகை மட்டும் கடைசியில், ருசி பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் 10 மி.லி. போதும். உப்பை மறக்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கி, பழத்தின் வாசனையை மேலே தூக்கும். டம்ளரில் உப்பே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

ஷேக்கர் இல்லையா? ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி அகன்ற வாய், இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி பாட்டில் எடுங்கள். எல்லாவற்றையும் ஊற்றி, முக்கால் பாட்டில் ஐஸ் போட்டு, ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்து, மனதில் 15 எண்ணும் வரை பலமாகக் குலுக்குங்கள். தோள்பட்டையிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் கலங்காது. முதலில் ஐஸ் கடகடவென்று கல் மாதிரி இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மழுங்கி, விரல் நுனி வலிக்கும் அளவுக்குக் குளிர் ஏறும். அப்போது நிறுத்துங்கள். இதற்குள் ஐஸ் கரைந்து கால் பங்குக்குக் கிட்டத் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதுவும் இந்தப் பானத்தின் ஒரு பாகம்தான். டீ வடிகட்டியில் வடித்து, புது ஐஸ் போட்ட டம்ளரில் ஊற்றுங்கள். குலுக்கிய ஐஸையே டம்ளரில் போட வேண்டாம், அது பாதி செத்த ஐஸ்.

ஐஸைப் பற்றி இன்னொன்று. 6 பேருக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் குலுக்க, ஊற்ற எல்லாம் சேர்த்து மூன்றரை, நான்கு கிலோ ஆகும். ஃப்ரிட்ஜ் தட்டுகள் போதவே போதாது. இரண்டு நாள் முன்னாலிருந்தே நல்ல குடிதண்ணீரில் உறையவைத்துப் பைகளில் சேர்த்து வையுங்கள், அல்லது ஜூஸ் கடைகளுக்கு வருகிற சாப்பாட்டு ஐஸை மூட்டையாக வாங்குங்கள். துறைமுகப் பக்கம் மீனுக்குப் போடும் பாள ஐஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அது குடிப்பதற்காகச் செய்தது கிடையாது. ஃப்ரீசரில் மீன், கறி இருந்தால் ஐஸ் தட்டை மூடி வையுங்கள். மீன் வாசனையைப் பிடித்துக்கொள்வதில் ஐஸை மிஞ்ச ஒன்றுமில்லை.

டம்ளர் விளிம்புக்கு மரக்காணம் கல் உப்பு வாங்கி ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். மாவு உப்பு போட்டால் வாயெல்லாம் கரிக்கும். இரண்டு பங்கு உப்புக்கு ஒரு பங்கு மிளகாய்த்தூள். பாதி விளிம்பில் மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, அதை மட்டும் உப்பில் ஒற்றுங்கள். மீதிப் பாதி உப்பு வேண்டாதவர்களுக்கு.

மாம்பழம் முடிந்த மாதத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை: பம்பளிமாஸ். மெக்சிகோவில் மார்கரிட்டாவை விட வீட்டுக்கு வீடு அதிகம் புழங்குவது 'பலோமா'. டெக்கிலா, எலுமிச்சை, உப்பு, மேலே கிரேப்ஃப்ரூட் சோடா. அந்த கிரேப்ஃப்ரூட் என்பதே பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து கரீபியன் தீவில் பிறந்த பிள்ளைப் பழம். தாய்ப்பழம் நம் ஊர்த் தோட்டங்களிலேயே காய்க்கிறது. சுளையின் தோலை உரித்து முத்துகளை மட்டும் உதிர்த்துப் பிழிந்தால் 60 மி.லி. சாறு, அதோடு டெக்கிலா 45, எலுமிச்சை 10, பாகு 15, உப்பு, மேலே ஐஸும் சாதா கோலி சோடாவும். குலுக்க வேண்டாம், ஒரு கிளறு போதும். உப்புக் காற்று வீசும் மாலைக்கு இதை விட நல்ல பானம் எனக்குத் தெரியாது. உள்ளே சிவப்பான கொய்யாவும் நன்றாக வரும், மாம்பழ அளவேதான், விதையை மட்டும் கவனமாக வடிகட்டுங்கள். அன்னாசி சொல்லவே வேண்டாம். தர்பூசணியில் தண்ணீர் அதிகம், அதனால் பாகைக் கூட்டி ஐஸைக் குறையுங்கள்.

பண்ருட்டிப் பலா வேறு கதை. அரைத்தால் கோந்து மாதிரி ஆகி, வாசனை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதற்கு ஊறவைப்பதுதான் வழி. கெட்டியான வருக்கைச் சுளை 8 எடுத்து, கொட்டை நீக்கி நறுக்கி, அரை பாட்டில் டெக்கிலாவில் போட்டு, மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்து வடிகட்டுங்கள். வெளிர் மஞ்சளாக வரும். 45 மி.லி.க்கு எலுமிச்சை 20, பாகு 15 போட்டுக் குலுக்கினால் போதும், வேறு பழம் வேண்டாம். ஊறிய சுளையில் சாராயம் முழுக்க இறங்கியிருக்கும், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். முந்திரிப்பழம் வாசனையில் அருமை, ஆனால் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு உண்டு. உப்பு போட்டுச் சாறெடுத்து, தெளியவைத்து இறுத்தும் பார்த்தேன், எனக்கு முழுத் திருப்தி வரவில்லை.

இந்தப் பானத்தில் நான் எப்போதும் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். பழம் காட்டத்தை மறைத்துவிடும், ஜூஸ் மாதிரி இறங்கும். கணக்குப் பார்த்தால் 45 மி.லி. டெக்கிலாவில் சுமார் 18 மி.லி. சுத்த ஆல்கஹால். மூன்று டம்ளர் குடித்தால் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றை முழுதாகக் குடித்த கணக்கு, அரை மணி நேரத்தில் போய்விடும் என்பதுதான் வித்தியாசம். அதனால் ஆளுக்கு இரண்டு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 12 டம்ளருக்கு 540 மி.லி., 750 பாட்டிலில் மிச்சமே இருக்கும். சாப்பாடு முதலில் வரட்டும். வறுத்த இறாலும் நெத்திலியும் இதற்கு நல்ல ஜோடி. கடலூர் நண்பர்கள் அன்று ராத்திரி உங்கள் வீட்டிலேயே படுக்கட்டும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம், அந்த எல்லை நினைப்பதை விடச் சீக்கிரம் வந்துவிடும். மிச்சம் இருக்கும் பாட்டிலையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, அங்கே சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு. வயது விஷயத்திலும் இங்கே 18, அங்கே 21.

குடிக்காத நண்பர் ஒருவராவது இருப்பார். அவருக்கு அதே கூழ், அதே எலுமிச்சை, அதே உப்பு விளிம்பு, டெக்கிலாவுக்குப் பதில் நன்னாரி சர்பத் 20 மி.லி.யும் சோடாவும். அதில் ஆரஞ்சுப் பாகைக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்னாரியில் இருக்கும் மண் வாசனை டெக்கிலாவின் இடத்தை ஆச்சரியப்படும் அளவுக்கு நிரப்பும், கையில் டம்ளரை வைத்துக்கொண்டு அவரும் கூட்டத்தில் ஒருவராக இருப்பார்.

ஒவ்வொரு டம்ளராகக் குலுக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் சமையலறையிலேயே நிற்க வேண்டியதுதான். முதல் சுற்றுக்கு ஜாடியில் மொத்தமாகக் கலந்துவிடுங்கள்: டெக்கிலா 270, கூழ் 270, எலுமிச்சை 120, பாகு 90, உப்பு கால் டீஸ்பூன், குலுக்கும்போது சேரும் ஐஸ் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த தண்ணீர் 150 மி.லி. வெள்ளி ராத்திரி தோலைச் சர்க்கரையில் பிசைந்து வையுங்கள், சனி காலை கூழ் வடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மாலை 6 மணிக்கு எலுமிச்சை பிழிந்து ஜாடியைக் கலந்து இரண்டு மணி நேரம் குளிரவிடுங்கள். கூழ் அடியில் தங்கும், ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் அடிவரை கிளறுங்கள். மிஞ்சிய ஆரஞ்சுப் பாகு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும், எலுமிச்சைச் சோடாவில் ஊற்றிக் குடிக்கலாம்.